குளத்தில் தண்ணீர் இறங்குகிறதா? சிமெண்ட் குழைப்பதற்கு முன்னால்

கொல்லையில் அல்லிக்கும் மீனுக்குமாகக் கட்டிய சின்னக் குளத்தில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தால், பலரும் முதலில் தேடுவது கொத்தனாரை. நானும் அதைத்தான் செய்தேன். எங்கள் குளம் 8 அடி நீளம், 5 அடி அகலம், 2 அடி ஆழம். தண்ணீரை இறைத்துவிட்டு அடிப்பக்கம் முழுக்கப் பூசினோம். மீன்கள் இரண்டு வாரம் டிரம்மில் கிடந்தன. மறுபடி நிரப்பிய மறுநாளே பழையபடி இறங்கியது. பம்புக் குழாய் சுவரைத் துளைத்து வெளியே வரும் இடத்தில்தான் கசிவு. அடித்தளம் முதலிலிருந்தே நன்றாகத்தான் இருந்தது.

கசிவே இல்லாத குளத்தையும் சிலர் இப்படி உடைத்துவிடுகிறார்கள். சித்திரை வெயிலில் ஒரே நாளில் 7, 8 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகப் போவது சாதாரணம். காற்றும் சேர்ந்தால் இன்னும் கூடும். அது கசிவா ஆவியா என்று பார்க்க ஒரு பிளாஸ்டிக் வாளி போதும். வாளியில் குளத்துத் தண்ணீரையே முக்கால்வாசி நிரப்பி, குளத்துக்குள் ஒரு கல்மேல் வைக்க வேண்டும். வாளியின் விளிம்பு மட்டும் வெளியே தெரியட்டும். வாளிக்குள் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு, வெளியே குளத்து மட்டத்தில் ஒரு கோடு. பம்பையும் நீரூற்றையும் நிறுத்திவிட்டு 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது வெயில் குடித்த தண்ணீர். குளம் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் கசிவு. மழை நாளில் இதைச் செய்ய வேண்டாம், கணக்கு குழம்பிவிடும். எங்கள் குளத்தில் ஓர் அங்குலம் இறங்கினால் 90 லிட்டருக்கு மேல் போகிறது, ஆறு குடத் தண்ணீர்.

அடுத்த தவறு, குறையக் குறையக் குழாயைத் திறந்து நிரப்புவது. இப்படி நிரப்பிக்கொண்டே இருந்தால் ஓட்டை எங்கே என்று தெரியவே தெரியாது. பம்பு ஓடும்போது இறங்கி, நிறுத்தியதும் இறங்காமல் நின்றால், குழாயிலோ அருவி விழும் கல்லிடுக்கிலோதான் கோளாறு. பம்பை நிறுத்திய பிறகும் இறங்கினால் இறங்க விடுங்கள். ஒரு மட்டத்துக்கு வந்ததும் தானாக நிற்கும். கசிவு அந்த மட்டத்தில்தான் இருக்கும், அந்தக் கோட்டைச் சுற்றித் தேடினால் போதும். மீன் நீந்தவே தண்ணீர் போதாது என்ற நிலை வந்தால் மட்டும், மீனைக் குளத்துத் தண்ணீரோடு நிழலில் வைத்த தொட்டிக்கு மாற்றுங்கள்.

சந்தேகப்படும் இடத்தைக் கண்டபிறகு ஒரு சொட்டு மருந்துக் குப்பியில் கொஞ்சம் பால் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அசையாமல் இருக்கும்போது, விரிசலுக்கு ஒரு விரல்கடை தள்ளி மெல்ல ஒரு சொட்டு விட வேண்டும். கசிவு இல்லாத இடத்தில் பால் புகைபோல அங்கேயே பரவி நிற்கும். கசிவு உள்ள இடத்தில் அது வெள்ளை நூலாக நீண்டு, விரிசலுக்குள் இழுபட்டுப் போகும். எங்கள் சுவரில் அந்த நூல் குழாயைச் சுற்றி அரை வட்டம் போட்டு உள்ளே மறைந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

தார்ப்பாய் விரித்த குளமாக இருந்தால் ஓட்டையைத் தேடும் முன் ஓரத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் மண் அமுங்கி ஓரம் தாழ்ந்திருக்கும், இல்லையென்றால் விளிம்பில் வளர்ந்த புல்லும் மண்ணும் திரிபோலத் தண்ணீரை உறிஞ்சி வெளியே கொண்டுபோகும். ஓரத்தைத் தூக்கிவிட்டாலே சரியாகிவிடும். உண்மையிலேயே கிழிந்திருந்தால், கையில் கிடைத்த பசையைத் தடவாதீர்கள். பாலித்தீன் பாயில் சாதாரணப் பசை ஒட்டாது. பாய் விற்கும் கடையில் கேட்டு, அந்தப் பாய்க்கே உரிய டேப்பையோ சூட்டில் ஒட்டும் முறையையோ பயன்படுத்துங்கள். பாசியை நன்றாகத் துடைத்து, ஈரமில்லாமல் காயவைத்து, ஓட்டையைச் சுற்றி நான்கு விரல் அகலமாவது கூடுதலாக வரும்படி ஒட்டுங்கள். ஒட்டும் துண்டின் மூலைகளை வட்டமாக வெட்டினால் பிய்ந்து எழாது.

சிமெண்ட் விரிசலுக்கு மேலோட்டமாகப் பூசுவது வீண். உளியால் ஓர் அங்குலம் செதுக்கி, தூசியும் பாசியும் போகக் கழுவி, ஈரம் இருக்கும்போதே சிமெண்ட் பால் அடித்து, அப்புறம் நீர்க்காப்புக் கலவை சேர்த்த சாந்தை அழுத்தி நிரப்ப வேண்டும். ஈரச் சாக்குப் போட்டு ஏழு நாளாவது நனைத்து வையுங்கள். குளியலறைக்கு விற்கும் சிலிக்கோனைக் குளத்தில் போடவே போடாதீர்கள். பூஞ்சை பிடிக்காமலிருக்க அதில் சேர்க்கும் மருந்து மீனைக் கொல்லும். மீன்தொட்டிக்கென்று விற்பதை வாங்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் குளத்தை முழுக்க இறைப்பதும் ஆபத்து. நிலத்தடி நீர் மேலே வந்திருக்கும்போது உள்ளே எடை இல்லையென்றால், அடியிலிருந்து வரும் அழுத்தம் தளத்தைப் பிளக்கலாம், பாயையும் தூக்கிவிடும். கோடையில் முழுக்கக் காயவிட்டாலும் புது விரிசல் வரும்.

பூச்சு முடிந்ததும் மீனை விடும் அவசரம்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. புதுச் சிமெண்டின் காரம் தண்ணீரில் இறங்கி மீனின் செவுளை எரித்துவிடும். நிரப்பி, மூன்று நான்கு நாள் விட்டு, வடித்து, மறுபடி நிரப்ப வேண்டும். இப்படி மூன்று தடவையாவது செய்யுங்கள். வாழைத்தண்டைத் துண்டுபோட்டு ஊறவைப்பது நம் ஊர் வழக்கம். அதைச் செய்தாலும், வளர்ப்பு மீன் கடையில் விற்கும், தண்ணீரின் காரத்தை அளந்து காட்டும் பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள், 8.5-க்குக் கீழே வரும்வரை காத்திருங்கள். மாநகராட்சித் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தும் வேண்டும். முதலில் இரண்டு மூன்று மீனை மட்டும் விட்டு, இரண்டு நாள் கவனித்துவிட்டு மற்றவற்றை விடுங்கள். அதற்கு முந்தைய இரவில் அந்த வாளியை மறுபடி கல்மேல் வைத்து, கோடு போட்டுவிடுங்கள்.