முடிஞ்சுது எண்டால் என்ன முடிஞ்சுது? புதிதாகத் திட்டம் நடத்த வருபவர்களுக்கு

நான் முதன்முதலில் பொறுப்பெடுத்த வேலை ஒரு முன்பள்ளிக்கு இரண்டு மலசலகூடம். கிளிநொச்சியில் இருந்து மோட்டார் சைக்கிளில் முக்கால் மணித்தியாலம், அதில் கடைசி நாலு கிலோமீற்றர் கிரவல் றோட்டு. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மேசன் அண்ணை போன் எடுத்து, "தம்பி, வேலை முடிஞ்சுது" என்றார். நானும் மேலே அறிக்கை அனுப்பிவிட்டேன். திங்கள் போய்ப் பார்த்தால் சுவர் இருக்கிறது, மேல்தளம் இருக்கிறது, கதவுக்குப் பச்சைப் பெயின்ற் கூட அடித்திருக்கிறது. தண்ணீர் மட்டும் இல்லை. கிணற்றில் இருந்து குழாய் இழுப்பது யாருடைய வேலை என்று எந்தக் கடதாசியிலும் ஒரு வரி இல்லை. முன்பள்ளி ரீச்சர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "அப்ப பிள்ளையள் எப்ப பாவிக்கிறது?"

மேசன் அண்ணை பொய் சொல்லவில்லை. அவர் பொறுப்பெடுத்தது முடிந்துதான் இருந்தது. நான் பொறுப்பெடுத்தது என்ன என்பது எனக்கே தெரிந்திருக்கவில்லை.

திட்ட முகாமைத்துவம் பழக வருகிற தம்பி தங்கச்சிமார் முதலில் கேட்பது எந்த சொப்ட்வெயார் நல்லது, எந்தக் கோர்ஸ் செய்யலாம் என்றுதான். அதற்குப் பிறகு வருவோம். இப்போதைக்கு ஒரு 80 பக்கக் கொப்பி, ஒரு பேனை, ஒரு கலண்டர் போதும். அதே மலசலகூட வேலையை இன்றைக்கு மறுபடி என்னிடம் தந்தால் எப்படிச் செய்வேன் என்று படிப்படியாகச் சொல்கிறேன். நீங்கள் நடத்தப்போவது கணினி வகுப்பாக இருக்கலாம், கோயில் மண்டபமாக இருக்கலாம், முறை ஒன்றுதான்.

படி 1: முடிந்த நாளை எழுதுங்கள்

கொப்பியின் முதல் பக்கத்தில், வேலை முடிந்த பிறகு வரும் முதல் திங்கட்கிழமை காலை 8 மணிக்கு அந்த இடத்தில் என்ன நடக்க வேண்டும் என்று எழுதுங்கள். 'இரண்டு மலசலகூடம் கட்டுதல்' என்று எழுதினால் அது வேலையின் பெயர்தான். நான் இப்போது எழுதுவது இப்படி: 25 பிள்ளைகள் வருகிறார்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. நாலு வயதுப் பிள்ளைக்குக் கை எட்டும் உயரத்தில் குழாய் இருக்கிறது. கதவை உள்ளே பூட்டலாம். பிள்ளை உள்ளே மாட்டிக்கொண்டால் ரீச்சர் வெளியே இருந்தும் திறக்கலாம். திறப்பு ரீச்சரிடம் இருக்கிறது. தண்ணீர்த் தாங்கியை யார் கழுவுவது என்று பெற்றோர் கூட்டத்தில் பேசி முடித்திருக்கிறார்கள்.

பார்த்தீர்களா, குழாய் தானாக வந்து விழுந்துவிட்டது. பாவிக்கப்போகிறவரின் கண்ணால் எழுதினால் விடுபட்டவை தாமாகவே வெளியே வரும்.

அதே பக்கத்தில் கீழே ஒரு கோடு போட்டு, 'இதில் சேராதவை' என்று எழுதுங்கள்: சுற்றுமதில், விளையாட்டு முற்றம், பழைய கிணற்றுக் கட்டைத் திருத்துவது. இந்தப் பாதியைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். பிறகு வரும் சண்டையில் முக்கால்வாசி இங்கேதான் கிடக்கிறது. கடைசியாகத் திகதி, தொகை, யார் கையெழுத்து வைத்தால் வேலை முடிந்ததாகக் கணக்கு என்ற மூன்றும். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

படி 2: யாரிடம் கேட்க வேண்டும், யாருக்குச் சொல்ல வேண்டும்

ஒரு ஊர் வேலைக்கே எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். விதானையார் (கிராம அலுவலர்), கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர், பிரதேச சபை, அளவு பார்க்க வரும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் (நாங்கள் ரீஓ என்போம்), மலக்குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடியாவது இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பிஎச்ஐ), காசு தருகிறவர்கள், ரீச்சர், பெற்றோர். எல்லாரையும் ஒரே அளவாகக் கவனிக்க உங்களுக்கு நேரம் கிடையாது. இரண்டு கேள்வி போதும்: இந்த வேலையை நிறுத்த யாரால் முடியும்? இந்த வேலையால் யாருடைய நாள் மாறும்? முதல் ஆட்களிடம் தொடங்கும் முன்னர் போங்கள், இரண்டாவது ஆட்களிடம் திரும்பத் திரும்பப் போங்கள்.

கிணற்றுக்குப் பக்கத்து வீட்டு அம்மாவை நான் எந்தப் பட்டியலிலும் போடவில்லை. மோட்டருக்கு மின்சாரம் அவருடைய வீட்டில் இருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. ஒரு தேத்தண்ணி குடித்துக் கதைத்திருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும் விசயம், இரண்டு கிழமை இழுத்தது.

படி 3: வேலையைத் துண்டு போடுங்கள்

ஒரு துண்டு ஒரு நாளுக்குக் குறையவும் வேண்டாம், இரண்டு கிழமைக்குக் கூடவும் வேண்டாம். இந்தத் துறையில் எட்டு மணித்தியாலம் முதல் 80 மணித்தியாலம் வரை என்று ஒரு கைக்கணக்குச் சொல்வார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் ஒரே ஒரு பெயர் எழுதுங்கள். 'சங்கம் பார்க்கும்' என்று எழுதினால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

படி 4: நாள் கணக்கு

இதில் கொஞ்சம் நின்று போவோம்.

முதலில் ஒவ்வொரு துண்டுக்கும் எத்தனை நாள்? தெரிந்த வேலைக்கு மேசனிடமே கேளுங்கள். நம் கையில் இல்லாத வேலைக்கு மூன்று எண் எழுதுங்கள். மணலை எடுத்துக்கொள்வோம். அனுமதிப்பத்திரமும் உழவு இயந்திரமும் சரியாக அமைந்தால் 2 நாள். வழக்கமாக 4 நாள். பெர்மிற் இழுபட்டால் 12 நாள். நல்லதையும் கெட்டதையும் ஒரு தடவையும், வழக்கமானதை நாலு தடவையும் கூட்டி ஆறால் பிரியுங்கள்: 2 + 16 + 12 = 30; ஆறால் பிரித்தால் 5 நாள். 1958இல் அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணை வேலைக்காக உண்டாக்கிய முறையில் வந்த கணக்கு இது. மலசலகூடத்துக்கும் சரிவரும்.

இனி எது முடிந்தால்தான் எது தொடங்கலாம் என்று அம்புக்குறி போடுங்கள். மணல் 5 நாள். அத்திவாரம் 5. சுவர் 6. மேல்தளக் கொங்கிறீற் கம்பி கட்டிப் போட 2. கொங்கிறீற் இறுகி, அதைத் தாங்கி நிற்கும் முட்டு கழற்றும் வரை 14. பூச்சு 5. குழாய், கதவு, தாங்கி பூட்ட 3. ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டினால் 40 நாள். மலக்குழி வெட்டுவதைச் சுவர் எழும்பும்போதே இன்னொரு ஆள் பார்க்கலாம். கதவுக்குத் தச்சனிடம் சொன்னால் 20 நாள் என்கிறார். கதவு தேவைப்படுவதோ 37 நாள் கழித்து. ஆக, முதல் நாளே சொல்லிவிட்டால் தச்சனிடம் 17 நாள் தாராளமாக இருக்கிறது.

அந்த 40 நாள் சங்கிலிதான் முக்கியப் பாதை. அதில் ஒரு நாள் பிந்தினால் முழு வேலையும் ஒரு நாள் பிந்தும். அதற்கு வெளியே உள்ளது பிந்தினால் உடனே பதற வேண்டாம். புதிதாக வருகிறவர்கள் தச்சனுக்கு ஒவ்வொரு நாளும் போன் எடுத்துக் கரைச்சல் கொடுப்பார்கள், மணலை மறந்துவிடுவார்கள். அதேபோல், 'இன்னும் இரண்டு மேசனைப் போட்டால் கெதியாக முடியும்தானே' என்று மேலே இருந்து கேட்பார்கள். பூச்சில் ஒன்றிரண்டு நாள் மிச்சம் பிடிக்கலாம். முட்டு நிற்கும் 14 நாளில் இருபது மேசன் வந்தாலும் செய்ய ஒன்றுமில்லை, தண்ணீர் விடுவதைத் தவிர.

இப்போது கலண்டரை எடுங்கள். கொங்கிறீற்றுக்கு ஞாயிறும் போயாவும் (பௌர்ணமி விடுமுறை) கிடையாது, அதனால் அந்த 14 நாளை அப்படியே எண்ணலாம். மிச்சம் 26 வேலைநாள். கிழமைக்கு ஆறு நாள் வேலை என்றால் 30 நாள் பிடிக்கும். அந்த 14 நாளையும் ஒன்றிரண்டு போயாவையும் சேர்த்தால் மொத்தம் 46 நாள். ஓகஸ்ட் முதலாம் திகதி தொடங்கினால் செப்டெம்பர் நடுவில் முடியும். ஓகஸ்ட் 18இல் தொடங்கினால் ஒக்டோபர் பிறந்துவிடும். ஒக்டோபர் என்றால் என்னவென்று வன்னியில் இருப்பவருக்குச் சொல்லத் தேவையில்லை. மழை தொடங்கினால் அந்தக் கிரவல் றோட்டில் சீமெந்து லொறி வராது.

அதற்கு முன்னரே இன்னொன்று இருக்கிறது. ஓகஸ்ட், செப்டெம்பரில் சிறுபோக வெட்டு. அது முடிய காலபோகத்துக்கு உழவும் விதைப்பும். மேசனோடு வரும் கூலியாட்களில் பாதிப் பேர் வயல்காரர்தான். அந்த நாட்களில் வரமாட்டார்கள், வரச் சொல்லிக் கேட்பதும் சரியில்லை. வைகாசி வேலையாக இருந்தால் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் எந்தத் திங்கள் என்று பாருங்கள். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா. இவற்றை விடுமுறை என்று எக்செல் உங்களுக்குச் சொல்லாது.

இதையே பட்டைபட்டையாகக் கீறினால் கான்ட் அட்டவணை. நூறு வருடத்துக்கு முன்னர் ஹென்றி கான்ட் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் பரப்பியதால் அந்தப் பெயர். பழைய கலண்டரின் பின்பக்கத்தில் கீறி முன்பள்ளிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். மேசனும் பார்ப்பார், பெற்றோரும் பார்ப்பார்கள்.

படி 5: காசு

மூன்று கடையில் விலை கேளுங்கள். எத்தனை நாளுக்கு அந்த விலை நிற்கும் என்பதையும் எழுதி வாங்குங்கள். 2022இல் காலையில் கேட்ட சீமெந்து விலை பின்னேரம் இருக்குமோ என்று பயந்த காலத்தைக் கண்டவர்கள் நாங்கள். பத்து வீதம் கைக்காவலாக ஒதுக்கி, அதை எடுக்க யாருடைய அனுமதி வேண்டும் என்றும் முதலே பேசிவிடுங்கள். கூலியைச் சனிக்கிழமை பின்னேரம் தவறாமல் கொடுங்கள். இதைவிட நல்ல முகாமைத்துவம் எனக்குத் தெரியாது.

படி 6: என்ன பிழைக்கலாம்

ஒரு பக்கத்தில் நாலு நிரல்: என்ன நடக்கலாம், எந்த அளவுக்கு நடக்கக்கூடியது, நடந்தால் எவ்வளவு நட்டம், இப்போதே என்ன செய்யலாம். கடைசி நிரல் வெறுமையாக இருந்தால் மற்ற மூன்றாலும் பிரயோசனம் இல்லை. 'மழை வரலாம்' என்று எழுதிவிட்டு நிற்காதீர்கள். 'சீமெந்தைப் பள்ளி அறைக்குள் பலகை போட்டு அடுக்குவது, பொறுப்பு இன்னார்' என்று எழுதுங்கள். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு நிலத்தில் மூட்டை அடுக்கும் துணிவு வராது.

எங்கள் பக்கத்துக்கு மட்டும் உரிய ஒரு வரியும் உண்டு. குழி வெட்டும் முன்னர் அந்தக் காணி கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்டதா என்று கேளுங்கள். வெட்டும்போது சந்தேகமாக ஏதாவது தென்பட்டால் மண்வெட்டியை அப்படியே வைத்துவிட்டு எல்லாரும் விலகி, பொலிசுக்கு அறிவிப்பது என்று வேலை தொடங்கும் முதல் நாளே எல்லாருக்கும் சொல்லுங்கள். எத்தனை நாள் பிந்தினாலும் பரவாயில்லை.

படி 7: கேட்கப் பழகுங்கள்

இது ஒரு மாதத்தில் வராது. எனக்கு மூன்று வருடம் பிடித்தது. எங்கள் ஊரில் 'இல்லை' என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். 'பாப்பம்' என்றால் பெரும்பாலும் இல்லை. 'ஓம், ஓம்' என்று இரண்டு தரம் வந்தால் அவர் வேறு யோசனையில் இருக்கிறார். 'நாளைக்கு வாறன்' என்பதில் எந்த நாளை என்று இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, நானும் அப்படித்தான் கதைக்கிறேன். கேள்வியை மாற்ற வேண்டியது நாங்கள்தான்.

"அண்ணை, சுவர் வேலை எப்படிப் போகுது?"

"எல்லாம் நல்லாப் போகுது தம்பி."

இதில் இருந்து ஒன்றும் எடுக்க முடியாது. அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"அண்ணை, இண்டைக்கு எத்தினை வரி கல்லு வைச்சீங்கள்?"

"மூண்டு வரி."

"நேற்று ஆறெல்லோ?"

"சீமெந்து ரெண்டு பைதான் கிடந்தது தம்பி. கடைக்காரன் நாளைக்குத்தான் எண்டவன்."

சீமெந்து முடிந்தது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. எண்ணக்கூடியதைக் கேட்டால் ஆட்கள் எண்ணிச் சொல்வார்கள். 'எத்தனை வீதம் முடிந்தது' என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லா வேலையும் 90 வீதத்தில் ஒரு மாதம் நிற்கும். துண்டு ஒன்று முடிந்ததா, இல்லையா, அவ்வளவுதான் கணக்கு.

கிழமையில் ஒரு நாள், அதே நேரம், வேலை நடக்கும் இடத்தில் நின்றபடி 15 நிமிடம் கூடுங்கள். கதிரை போட்டால் ஒரு மணித்தியாலம் போகும். முடிவுகளை வட்ஸ்அப்பில் எழுத்தாகப் போடுங்கள். குரல் பதிவில் போட்டால், ஒரு மாதம் கழித்து யார் என்ன சொன்னது என்று தேடி எடுக்க முடியாது.

படி 8: 'இதோட சேர்த்து'

பாதியில் யாராவது வருவார்கள். என்னிடம் வந்தவர் சங்கத் தலைவர். "தம்பி, கல்லும் மண்ணும் கிடக்குத்தானே. இதோட சேத்து முன்னுக்கு ஒரு சின்னக் கொட்டிலும் போட்டுவிடுங்கோவன்." மறுத்தால் மனத்தாங்கல், ஓம் என்றால் மணல் முடியும். நான் இப்போது சொல்வது: "செய்யலாம் ஐயா. ஆறு நாள் கூடும், இவ்வளவு காசு கூடும். மழைக்கு முன்னர் மலசலகூடம் முடியாமல் போகவும் கூடும். எழுதித் தாறன், கையெழுத்து வைச்சுத் தாங்கோ, மேலே அனுப்புறன்." பாதிப் பேர் அந்தக் கடதாசியோடு திரும்பி வருவதில்லை. வருகிறவர்களுக்கு உண்மையிலேயே அது தேவை, அப்போது பேசலாம். முதல் பக்கத்தில் 'சேராதவை' எழுதியிருந்தீர்கள் என்றால் இந்தக் கதை இன்னும் சுலபம்.

சரி, கோர்ஸ். பிஎம்ஐ என்பது திட்ட முகாமைத்துவத்துக்கென்று 1969இல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு. அது நடத்தும் பிஎம்பி பரீட்சைக்கு வருடக்கணக்கில் அனுபவம் கேட்பார்கள். தொடங்குபவர்களுக்கு அதே அமைப்பின் சிஏபிஎம் பரீட்சை இருக்கிறது, அதற்கு அனுபவம் தேவையில்லை. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு விண்ணப்பிப்பவர்களுக்குக் கட்டாயம் உதவும். ஆனால் ஒரு சின்ன வேலையையாவது முதலில் கொப்பியில் நடத்திப் பாருங்கள், பிறகு படிக்கும்போது சொற்கள் வெறும் சொற்களாக இருக்காது.

படி 9: கையளிப்பு

கடைசி நாள் மேசன், ரீச்சர், ரீஓ மூன்று பேரையும் ஒன்றாக வரச் சொல்லுங்கள். முதல் பக்கத்தை ஒவ்வொரு வரியாக வாசித்து, ஒவ்வொன்றையும் செய்து பாருங்கள். சரியில்லாததைத் திகதியோடு பட்டியல் போடுங்கள். அது முடியும் வரை கடைசிக் கொடுப்பனவில் ஒரு பங்கு நிற்கட்டும், இதையும் தொடக்கத்திலேயே பேசியிருக்க வேண்டும்.

அந்த முதல் வேலைக்கு ஒருவழியாகக் குழாய் வந்தது, ஒன்றரை மாதம் பிந்தி, மழைக்குள். திறந்துவைத்த அன்று ஒரு பிள்ளை குழாயைத் திறக்க எட்டி எட்டிப் பார்த்தது. பெரியவர்களின் உயரத்தில் பூட்டியிருந்தோம். ரீச்சர் உள்ளே போய் ஒரு கொங்கிறீற் கல்லைத் தூக்கிவந்து அதன் காலடியில் வைத்தார்.