பண்ணைக்கு அழைக்கும் முன்: சென்னையைச் சுற்றியுள்ள வேளாண் சுற்றுலாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் கழனி வைத்திருக்கும் சிலர், விளைச்சல் வருமானம் மட்டும் போதாமல், வார இறுதியில் சென்னைக் குடும்பங்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் தம் நிலத்துக்கு அழைத்து வரும் முயற்சியில் இறங்கியிருக்கின்றனர். முயற்சி நல்லது, வாடிக்கையாளர்கள் இரண்டு மணி நேரப் பயணத் தொலைவிலேயே இருக்கின்றனர். ஆனாலும் ஒருமுறை வந்தவர்கள் மறுபடி வராமல் போவதற்கு, நிலத்தின் குறையைக் காட்டிலும் அதைப் பற்றி வெளியில் சொன்ன விதமே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது.

முதல் தவறு, மார்கழியில் எடுத்த பச்சை வயல் படத்தை வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் விளம்பரம் செய்வது. இந்த மாவட்டங்களில் நெல்லுக்குச் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டங்கள், அதாவது பயிர்ப் பருவங்கள், உண்டு. சம்பா பெரும்பாலும் தை மாதத்தையொட்டி அறுவடைக்கு வரும். நவரை அதற்குப் பின் நடப்பட்டுச் சித்திரை வாக்கில் முடியும். அதையடுத்து வரும் சொர்ணவாரி, ஏரியிலோ கிணற்றிலோ தண்ணீர் இருந்தால்தான். ஆகவே பள்ளி விடுமுறையான மே மாதத்தில் ‘நாற்று நட வாருங்கள்’ என்று அழைத்தால், பல ஊர்களில் வந்தவர் காண்பது காய்ந்த தாளும் வெடித்த மண்ணும்தான். அந்த மாதத்தில் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்பதல்ல. நுங்கு, பதநீர், மாம்பழம், மல்லிகை என்று கோடைக்கே உரியவை நிறைய இருக்கின்றன. ஏரி வற்றியிருந்தால் மதகையும், மிகுதி நீர் வழியும் கலங்கலையும் அருகில் சென்று காட்டி, தண்ணீர் எப்படி வயலுக்குப் பிரிகிறது என்று விளக்குவதற்கும் அதைவிடத் தோதான காலம் கிடையாது. மாதவாரியாக நிலத்தில் என்ன நடக்கும் என்று ஒரு பக்க அட்டவணை தயாரித்து, அதற்கேற்பப் படங்களை மாற்றுபவர் ஏமாற்றத்துக்கு இடம் வைக்க மாட்டார். மழையால் தேதி தள்ளிப்போகலாம் என்பதையும் அதிலேயே எழுதிவிட வேண்டும்.

நேரத்திலும் இதே பிழை நேர்கிறது. பூப்பறிப்பும் கீரை அறுப்பும் பால் கறப்பும் விடியலிலேயே தொடங்கிவிடுகின்றன. பதினொரு மணிக்குள் ஆட்கள் நிழலுக்குப் போய்விடுவார்கள். ஒன்பது மணிக்குத் தாம்பரத்தைத் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலை எனப்படும் திருச்சி நெடுஞ்சாலையின் நெரிசலில் சிக்கி, உச்சி வெயிலில் வந்து சேரும் கூட்டத்துக்கு மதியச் சாப்பாட்டைத் தவிர வேறெதுவும் மிஞ்சுவதில்லை. அதிகாலையிலேயே புறப்படச் சொல்வதற்குத் தயங்கக் கூடாது.

அடுத்தது, ‘நூறு சதவீதம் இயற்கை விவசாயம்’ என்ற பலகை. யூரியா போடுவதைச் சென்ற ஆண்டு நிறுத்தியவர் அப்படி எழுதிக்கொள்வது சரியல்ல. ரசாயனம் இல்லாத விளைச்சலுக்கான தேசிய அங்ககச் சான்றளிப்பு நெறிகளின்படி ஓராண்டுப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டுகளும் மரப்பயிர்களுக்கு மூன்று ஆண்டுகளும் பொதுவாக, சான்று பெறும் முன் கடக்க வேண்டிய மாறுதல் காலமாகக் கொள்ளப்படுகின்றன. தமிழ்நாட்டில் இதற்கென்றே விதைச் சான்றளிப்பு மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை இருக்கிறது. ‘மாறிக்கொண்டிருக்கிறோம், இன்ன பூச்சிவிரட்டியை இன்ன பயிருக்கு அடிக்கிறோம்’ என்று உள்ளபடி சொல்வதால் யாரும் முகம் சுளிப்பதில்லை. இதைவிட மோசமானது, கோயம்பேட்டிலிருந்து வாங்கி வந்த காய்களைத் தோட்டத்துக் கூடையில் அடுக்கி விற்பது. சென்னைக்காரருக்குக் காய் தெரியாது என்று நினைப்பவர்கள், கேரட்டும் முட்டைக்கோசும் மதுராந்தகத்து வெயிலில் எப்படி விளைந்தன என்று ஒரு பாட்டி கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறார்களோ!

அனுமதிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதும் கேடுதான். பம்புசெட்டுக்கு அரசு தரும் இலவச மின்சாரத்தை விருந்தினர் குடிலின் மின்விசிறிக்கு இழுத்தால் அது முறைகேடு. தனி இணைப்பு பெற வேண்டும். நன்செய் நிலத்தில் தங்கும் அறை கட்டுவதற்கு முன் ஊராட்சியிலும் திட்ட அனுமதி தரும் அலுவலகத்திலும் விசாரிப்பது அவசியம். சாப்பாடு விற்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ வேண்டும். வேளாண் வருமானத்துக்கு உள்ள வருமான வரி விலக்கு நுழைவுக் கட்டணத்துக்கும் அறை வாடகைக்கும் பொருந்தாது என்பதால் கணக்கைத் தனியாக வைத்துக்கொள்வதே நல்லது. பனைமரம் இருக்கிறது என்பதற்காகக் கள் தருவதாக மறைமுகமாக விளம்பரம் செய்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை இருக்கிறது; சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கும் பதநீர் வேறு.

சுத்தமான கழிப்பறை, குடிநீர், பேருந்து திரும்ப இடம், சுற்றுச்சுவரோ கம்பி வலையோ உள்ள கிணறு ஆகியவை இல்லாமல் விளம்பரமே கூடாது. மருந்து அடித்த வயலுக்குள் அன்றைக்குப் பிள்ளைகளை இறக்கவும் கூடாது.

வேலை செய்யும் பெண்களைக் காட்சிப்பொருளாக்குவதை நான் எல்லாவற்றையும்விடக் கடுமையாகவே பார்க்கிறேன். நடவு நடும் பெண்ணை நிறுத்தி, நிமிரச் சொல்லி, பாடச் சொல்லிக் காணொளி எடுப்பதற்கு அவருடைய சம்மதமும் அந்த நேரத்துக்கான கூலியும் வேண்டும். அவரே கற்றுத்தருபவராக நின்றால், அதற்கென்று தனி ஊதியம் பேசி, நிகழ்ச்சி நிரலில் அவர் பெயரையும் அவர் விரும்பினால் போடுவதே முறை.

தன் வேலிக்குள் இருப்பதை மட்டுமே பேசுவதும் ஒரு குறைதான். வேடந்தாங்கலைச் சுற்றியுள்ள உழவர்கள், பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரமாகிறது என்பதால் தலைமுறைகளாக அந்தப் பறவைகளைக் காத்து வந்திருக்கிறார்கள். பக்கத்தில் பண்ணை வைத்திருப்பவர் இதைச் சொல்லாமல் நீச்சல் குளத்தைப் பற்றிச் சொல்வது வீண். உத்திரமேரூர்ப் பக்கத்தில் இருப்பவருக்கோ, குடவோலை முறையைப் பற்றிய சோழர் காலக் கல்வெட்டில் ஏரியைப் பார்த்துக்கொள்ளும் குழுவான ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த செய்தியே சொல்வதற்கு இருக்கிறது. நான்கைந்து பண்ணைகள் சேர்ந்து, ஒருவர் பூ, ஒருவர் மாடு, ஒருவர் நெல் என்று பிரித்துக்கொண்டால் ஒருவரே எல்லாவற்றையும் வளர்த்துக் காட்டும் தொல்லையும் இல்லை.

வந்து போனவர்களை அத்துடன் மறந்துவிடுவது பலரும் கவனிக்காத தவறு. அனுமதி கேட்டு அவர்களுடைய எண்களை வாட்ஸாப் குழுவில் சேர்த்து, இந்த வாரம் என்ன அறுவடை, என்ன விலை, எந்தப் பகுதிக்கு வண்டி வருகிறது என்று வாரம் ஒரு செய்தி அனுப்பினால், நுழைவுக் கட்டணத்தைவிட அரிசியும் வேர்க்கடலையும் மெல்ல மெல்லக் கூடுதல் வருமானம் கொடுக்கத் தொடங்கும். காலை வணக்கப் படங்களை அதில் போடாதிருப்பது நல்லது.