வெல்டு அடித்த மறுநாள் வரும் கிராக்: தடுப்பது எப்படி

பொக்லைன் பக்கெட், டிப்பர் தளம் போன்றவற்றின் கெட்டித் (கடினப்படுத்திய) தகட்டில் மாலையில் அழகாக நின்ற பீடு (வெல்டு வரி), மறுநாள் ஓரத்தில் மயிரிழையாகப் பிளந்திருக்கும். வெல்டிங் ராடின் பூச்சிலும் தகட்டின் துருவிலும் எண்ணெயிலும் இருக்கும் ஹைட்ரஜன், ஆர்க்கில் பிரிந்து உருகிய இரும்பில் கரைகிறது. தகடு சட்டென்று ஆறினால் வெல்டை ஒட்டிய பகுதி விறைத்துப்போகும். ஹைட்ரஜன் அங்கே சேர, சுருங்கும் வெல்டு இழுக்க, ஆறிய பிறகு கிராக் விடுகிறது.

முதலில் ராடு. 6013 இந்த வேலைக்கு வேண்டாம், ஹைட்ரஜன் குறைவாக விடும் 7018 எடுங்கள். தேய்மானத் தகட்டுக்கும் (உராய்வைத் தாங்கும் தகடு) இதுவே நல்லது, வெல்டு மிருதுவாக இருந்தால் இழுவை குறையும். ஜூனில் இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) பிடித்துவிட்டால் பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோடு, வாளையாறு பட்டறைகளில் திறந்து வைத்த பாக்கெட் காற்றிலேயே ஈரம் இழுத்துவிடும். கையில் எடுத்தால் காய்ந்ததாகத்தான் தெரியும், நம்பாதீர்கள். ராடு சுடும் ஓவனில் 300 முதல் 350 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் சுட்டு, பிறகு 120 டிகிரிக்குக் குறையாமல் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். வெளியே எடுத்த 7018 அதிகபட்சம் 4 மணி நேரம் தாங்கும். 11018 மாதிரி பலம் கூடிய ராடுக்கு அரை மணிதான். ஒருமுறை மறுபடி சுட்டதை இரண்டாம் முறை சுடக்கூடாது. தரையில் கிடந்து நனைந்ததைத் தூக்கிப் போடுங்கள்.

அடுத்து, இணைப்பின் இருபுறமும் பெயிண்ட், துரு, கிரீஸ் போகும்வரை கிரைண்டர் போடுங்கள்.

பிறகு ப்ரீஹீட், அதாவது வெல்டு அடிக்கும் முன் தகட்டைச் சூடாக்குவது. 25 மி.மீ. தகட்டுக்கு 100–150 டிகிரி வழக்கம். துல்லியமான எண் தகடு தயாரித்தவரின் அட்டவணையில் இருக்கும். டார்ச்சை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். இணைப்பிலிருந்து 75 மி.மீ. தள்ளி அந்தச் சூட்டில் உருகும் டெம்பரேச்சர் சாக்பீஸைத் தேய்த்துப் பாருங்கள், உருகினால் சரி. சுடர் பட்டதும் தகட்டில் வேர்க்கும் நீர் மறைவதைப் பார்த்து 'காய்ந்துவிட்டது' என்று நிறுத்திவிடுபவர்கள் பலர். அது ப்ரீஹீட் ஆகாது. டாக் (தகடுகளைப் பிடித்து நிறுத்தும் சிறு வெல்டு) அடிக்கும்போதும் இதே சூடு வேண்டும். சின்ன டாக்தான் வேகமாக ஆறும், கிராக்கும் அதில்தான் தொடங்கும்.

பாஸ்களுக்கு (வெல்டு அடுக்குகளுக்கு) நடுவே ப்ரீஹீட் சூட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். 200 டிகிரிக்கு மேலும் போக வேண்டாம், கெட்டித் தகட்டின் வலு போய்விடும்.

முடித்ததும் ஆற விடாமல் சுமார் 200 டிகிரியில் 2 மணி நேரம் பிடித்து, செராமிக் போர்வையால் மூடுங்கள். ஹைட்ரஜன் வெளியேற அந்த நேரம் தேவை. தண்ணீர் ஊற்றவே கூடாது.

டை டெஸ்ட் (சாயம் பூசி கிராக் தேடுவது) 48 மணி நேரம் கழித்துத்தான். அதற்குள் பார்த்து வண்டியை அனுப்பினால் குவாரியில் போய் கிராக் விடும். கிராக் தெரிந்தால் மேலே பூசாமல், முனை தெரியும்வரை கிரைண்ட் செய்து, மறுபடி டை போட்டு உறுதி செய்துகொண்டு, முன்னைவிடக் கூடுதல் ப்ரீஹீட்டில் அடியுங்கள்.