பொருளடக்கம் எழுத்து மாறி வந்தால்

போன மாதம் ஒரு மாலை, கடையைப் பூட்ட எழுந்த நேரத்தில் ஒரு தங்கை பென் டிரைவுடன் வந்தாள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை அடுத்த பரமேஸ்வராச் சந்திக்கு அருகே தட்டச்சுக் கடை வைத்திருப்பதால், ஆய்வேடு ஒப்படைக்கும் காலத்தில் இப்படிப் பலர் வருவார்கள். “அக்கா, உள்ளே எல்லாம் தமிழ்தான். பொருளடக்கம் மட்டும் ஆங்கிலமாகிவிட்டது” என்றாள். திறந்து பார்த்தேன். ‘முன்னுரை’ இருக்கவேண்டிய இடத்தில் கே, டி, அரைப்புள்ளி, டி, ஐ, யு என்று ஆறு குறிகள் நின்றன.

அவள் தட்டச்சுச் செய்தது பாமினி என்னும் பழைய வகைத் தமிழ் எழுத்துருவில். அப்படிச் செய்யும்போது கோப்பில் பதிவது தமிழ் அன்று, ஆங்கில எழுத்துகளே. அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுப்பது பாமினி எழுத்துரு. வேர்ட் பொருளடக்கத்தைக் கட்டும்போது சொற்களைத் தலைப்பிலிருந்து எடுக்கிறது. எழுத்துருவையோ டிஓசி 1, டிஓசி 2 என்னும் ஸ்டைல்களிலிருந்து, அதாவது பொருளடக்க வரிகளின் தோற்றத்துக்கென வேர்ட் வைத்திருக்கும் அமைப்புகளிலிருந்து, எடுக்கிறது. அங்கே கலிப்ரி போன்ற ஆங்கில எழுத்துரு இருந்தால் உள்ளே கிடந்த ஆங்கிலம் வெளியே வந்துவிடும்.

பாவம், அந்தப் பிள்ளை வரிகளைத் தெரிவுசெய்து மூன்று தடவை பாமினிக்கு மாற்றியிருக்கிறாள். பக்க எண்ணைப் புதுப்பிக்க எஃப் 9 அழுத்தி முழு அட்டவணையையும் தெரிவுசெய்ததும் மூன்று தடவையும் பழையபடி ஆகிவிட்டது. பொருளடக்கப் பக்கத்தில் கையால் செய்யும் எந்தத் திருத்தமும் இப்படித்தான் போகும். ஸ்டைலைத் திருத்த வேண்டும்.

கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், எஸ் நான்கையும் சேர்த்து அழுத்தினால் ஸ்டைல் பட்டியல் திறக்கும். டிஓசி 1 மீது வலச் சொடுக்குச் செய்து ‘மாடிஃபை’ போய்ப் பாமினியைத் தெரிவுசெய்யுங்கள். உபதலைப்புகள் இருந்தால் டிஓசி 2, 3 இரண்டுக்கும் அதையே செய்யுங்கள். இனி எத்தனை தடவை புதுப்பித்தாலும் தமிழ் தமிழாகவே நிற்கும்.

கோப்பில் தமிழ் எழுத்தாகவே பதியும் யூனிகோடில் எழுதியவர்களுக்கு வருவது வேறு தொல்லை: ஸ்டைலில் எழுத்தின் அளவை மாற்றினாலும் தமிழ் அசையாது. வேர்ட் தமிழைச் சிக்கலான எழுத்துமுறையாகக் கருதி, அதற்கென எழுத்துருவையும் அளவையும் தனியே வைத்திருக்கிறது. ‘மாடிஃபை’யில் ‘ஃபார்மட்’, பின் ‘ஃபான்ட்’ போய், ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்ற பகுதியில் மாற்றுங்கள். அந்தப் பகுதியே தெரியாவிட்டால், ‘ஆப்ஷன்ஸ்’ உள்ளே மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்து வேர்டை மூடித் திறவுங்கள். புதிதாக ஆய்வேடு தொடங்குபவர்கள் யூனிகோடிலேயே தொடங்குங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

பக்க எண்கள் ஒரே நேர்கோட்டில் நிற்காவிட்டால் புள்ளிகளைத் தட்டித் தட்டி நிரப்பாதீர்கள். பெரும்பாலும் புத்தகமாகக் கட்டுவதற்காக ஓரத்தை மாற்றிய பிறகுதான் இது வரும். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. இடது ஓரம் 4, வலது ஓரம் 2.5 என்றால் மிஞ்சுவது 14.5. அதே டிஓசி ஸ்டைலின் ‘ஃபார்மட்’டில் ‘டேப்ஸ்’ திறந்து, பழையவற்றை அழித்து, 14.5 செ.மீ.இல் வலப்பக்க டேப் ஒன்றை வைத்து, புள்ளிக்கோட்டைத் தெரிவுசெய்யுங்கள்.

ஒரு முழுப் பந்தி பொருளடக்கத்துக்குள் வந்து கிடந்தால், உள்ளே அந்தப் பந்திக்குத் தவறுதலாக ஹெடிங் ஸ்டைல் கொடுபட்டிருக்கும். அதை ‘நார்மல்’ ஆக்குங்கள். ஒரு தலைப்பு வராமலே போனால், அது தடித்த எழுத்தாக மட்டும் இருக்கும், ஹெடிங் ஸ்டைல் இருக்காது. தலைப்பு நடுவில் இரண்டாக உடைந்து வந்தால், ஷிஃப்டுடன் என்டர் தட்டியிருப்பீர்கள்; அந்த உடைப்பை அழித்துவிடுங்கள்.

பிடிஎஃப் ஆக்குவதற்கு முன் பொருளடக்கத்தில் சொடுக்கி எஃப் 9 அழுத்தி, பக்க எண்ணை மட்டும் அல்லாமல் முழு அட்டவணையையும் புதுப்பியுங்கள். பிறகு முதல் இயல், நடு இயல், உசாத்துணை மூன்றின் பக்க எண்களையும் உள்ளே புரட்டிச் சரிபாருங்கள். அன்று அந்தத் தங்கையும் நானும் அப்படிப் பார்த்தபோது நடு இயல் இரண்டு பக்கம் தள்ளி நின்றது. இன்னொரு தடவை எஃப் 9 அழுத்தியதும் சரியாகிவிட்டது.