மாமரத்துச் சிலந்திகளைக் கணக்கெடுப்பது எப்படி?

யாழ்ப்பாணத்தின் தென்மராட்சியில் மாமரம் இல்லாத வளவு அரிது. பூ வந்ததும் தத்துப்பூச்சிக்கு மருந்து அடிக்க ஆயத்தமாகிவிடுகிறோம். அந்தப் பூச்சிகளைத் தின்னும் சிலந்திகள் அதே மரத்தில் குடியிருப்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணத்தான் வேண்டும் என்கிறேன். மருந்து அடிக்கலாமா என்று முடிவெடுக்கும் முன் எண்ண வேண்டும்.

தேவையானவை: பழைய வெள்ளை வேட்டி, தடி, மூடியுள்ள சிறு போத்தல்கள், தண்ணீர் விசிறும் போத்தல், கைவில்லை (உருப்பெருக்கும் கண்ணாடி), கொப்பி, பென்சில்.

படி 1. மாரி மழை ஓய்ந்த பிறகு, ஒரே வகையான, ஏறத்தாழ ஒரே பருமனான 10 மரங்களைத் தெரிந்தெடுத்து இலக்கமிடுங்கள். மருந்து அடிக்காத தோட்டம் ஒன்று பக்கத்தில் இருந்தால் அங்கும் 10 மரங்கள்.

படி 2. வலைகளை முதலில் எண்ணுங்கள். கிளையைத் தட்டினால் அறுந்துவிடும். விடியற்காலைப் பனியில் அவை தாமாகத் தெரியும், இல்லாவிட்டால் மெல்லத் தண்ணீர் விசிறுங்கள். வட்ட வலையின் நடுவே தடித்த வெள்ளை நெளிகோடும், கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறிபோல் இருக்கும் சிலந்தியும் கண்டால் அது ஆர்ஜியோப்.

படி 3. அடிமரத்தைப் பொறுமையாகப் பாருங்கள். பட்டையின் நிறத்திலேயே தட்டையாக ஒட்டியிருக்கும் ஒன்று சட்டென்று நகரும். பின்புறம் வால்போல் நீண்ட இரண்டு நூற்புறுப்புகள் (நூல் விடும் உறுப்புகள்) இருந்தால் அது ஹெர்சிலியா என்ற சிலந்தி. எறும்பு கிட்ட வந்ததும் அதைச் சுற்றிச் சுற்றி ஓடி நூலாலேயே பட்டையோடு கட்டிவிடும். பொந்துகளுக்குள் மட்டும் கை விடாதீர்கள். 2012இல் வட இலங்கையிலிருந்து புதிய இனமாக விவரிக்கப்பட்ட பொயிசிலோதீரியா ராஜேயி போன்ற பெரிய மயிர்ச் சிலந்திகள் மரப்பொந்தில்தான் வாழும். கடித்தால் கடுமையாக வலிக்கும்.

படி 4. கிளைக்குக் கீழே இருவர் வேட்டியை விரித்துப் பிடிக்க, மூன்றாமவர் தடியால் 5 முறை தட்ட வேண்டும். எல்லா மரத்துக்கும் அதே 5 தட்டுகள். விழுந்தவை ஓடிவிடும், உடனே எண்ணுங்கள். முசுறு எறும்பு விழுந்தால் இன்னொரு தடவை பாருங்கள். முசுறைப் போலவே செம்மஞ்சள் நிறத்தில், முன்கால்களை உணர்கொம்புபோல் ஆட்டிக்கொண்டு திரியும் தாவும் சிலந்தி ஒன்று உண்டு. கால்களை எண்ணினால் எட்டு. தடியின் நுனியில் ஏற்றித் தட்டிவிட்டால் எறும்பு விழும், இது நூலில் தொங்கும்.

படி 5. மரத்தடிச் சருகை அரை மீற்றர் சதுரத்துக்கு அள்ளி, வெள்ளைத் தட்டில் கொட்டிக் கிளறுங்கள். முட்டைப் பையை வயிற்று நுனியில் இழுத்துத் திரியும் ஓநாய்ச் சிலந்தி அதில் இருக்கலாம்.

படி 6. பெயர் தெரியவில்லையே என்று நின்றுவிடாதீர்கள். பல சிலந்திகளின் இனத்தை உறுதிசெய்ய வளர்ந்த சிலந்தியும் நுணுக்குக்காட்டியும் வேண்டும். இரைபிடிக்கும் முறைப்படி நான்கு நிரல்கள் போடுங்கள்: வலை கட்டுபவை, தாவுபவை, பதுங்கியிருப்பவை, ஓடித் துரத்துபவை. மொத்த எண்ணிக்கையை விட, எந்த நிரல் வெறுமையாக இருக்கிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். பூவில் பதுங்கும் நண்டுச் சிலந்தி தேனீயையும் பிடிக்கும். அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

எண்ணி முடித்ததும் பிடித்தவற்றை அதே மரத்தில் விட்டுவிடுங்கள். மருந்து அடித்திருந்தால் நான்கு வாரம் கழித்து அதே இலக்க மரங்களை, அதே நேரத்தில், அதே 5 தட்டுகளோடு மறுபடி எண்ணுங்கள்.