மாடி டேங்குக்கு எந்தப் பைப்?

மன்னார்குடிப் பக்கம் பிளம்பர் வேலை பார்க்கிறேன். பல வீடுகளில் நான் போவதற்கு முன்பே பைப் வாங்கி வைத்திருப்பார்கள். வயல் மோட்டாருக்குப் போட்டு மிஞ்சிய சாம்பல் நிற பிவிசியும் அதோடு கிடக்கும். "இதையே மாடிக்குப் போட்டுடுங்க தம்பி" என்பார்கள். அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்வதில்லை. மண்ணுக்குள் புதைத்தால் அது பல வருஷம் உழைக்கும். மாடி வெயிலில் அப்படியே கிடந்தால் மொடமொடத்துப் போகும். கூத்தாநல்லூரில் ஒரு வீட்டில் வால்வு மாற்றலாம் என்று பிடித்தேன், காய்ந்த முருங்கைக் கிளை மாதிரி கையோடு வந்துவிட்டது. டேங்குத் தண்ணீர் முழுக்க மாடிப்படியில் இறங்கியது.

தண்ணீர் அழுத்தத்தில் பைப் வெடித்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். 10 மீட்டர் உயரத்துத் தண்ணீருக்கே சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம்தான். நம் ஊர் மாடி வீட்டில் அவ்வளவு உயரம்கூட வராது. பைப்பைக் கெடுப்பது வெயில், சுடுதண்ணீர், அவசரத்தில் ஒட்டிய ஜாயின்ட்.

பச்சைத் தண்ணீருக்கு வெள்ளை யூபிவிசி என்கிற கெட்டி பிவிசி போதும். ஹீட்டர் இருந்தால், இனிமேல் வைக்கிற யோசனை இருந்தாலும், அந்த லைனுக்கு சந்தன நிற சிபிவிசிதான். அது சூட்டுக்கான பிவிசி ரகம், 93 டிகிரி வரை தாங்கும். சிபிவிசி வாங்கும்போது பைப்பின் மேல் அச்சடித்ததைப் படியுங்கள். ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 15778 என்ற எண்ணும் இருக்க வேண்டும். எஸ்டிஆர் என்பது வெளிவிட்டம் பைப்பின் கனத்தைப் போல எத்தனை மடங்கு என்கிற எண். அது 11 என்றால் கனம் அதிகம், 13.5 என்றால் குறைவு. இந்த எண் கூடக்கூட பைப் மெலிசு.

இன்னொன்று, முக்கால் இஞ்ச் சிபிவிசி முக்கால் இஞ்ச் யூபிவிசி எல்போவுக்குள் சேராது. சிபிவிசியின் வெளிவிட்டம் 22.2 மில்லிமீட்டர், யூபிவிசிக்கு 26.7. இரண்டையும் இணைக்கத் தனி ஃபிட்டிங் கேட்டு வாங்குங்கள். ஒட்டுகிற சொல்யூஷனும் வேறு வேறு. தொழில் பழகிய காலத்தில் சிபிவிசிக்கு சாதா பிவிசி சொல்யூஷன் தடவினேன். ஹீட்டர் போட்ட ஒரே மாதத்தில் சுவர் ஈரம் கோர்த்தது. டைல்ஸை உடைத்துத்தான் சரி செய்தோம். அந்த வீட்டு அம்மாவின் முகம் இன்னும் மறக்கவில்லை.

டேங்கிலிருந்து இறங்கும் லைன் ஒன்றேகால் இஞ்ச், குறைந்தது ஒரு இஞ்ச். பாத்ரூம் வரை முக்கால், குழாய்க்கு அரை. குழாய் திருகும் இடத்தில் பித்தளை மரை வைத்த எல்போதான் போட வேண்டும். பிளாஸ்டிக் மரை இறுக்கும்போதே விரிந்துவிடும், சுவரைப் பூசிய பிறகுதான் தெரியும்.

கழிவுக்கு 110 மில்லிமீட்டர் எஸ்டபிள்யூஆர், அதாவது கழிவுநீர், மழைநீருக்கென்று வரும் பிவிசி பைப். அதில் பி டைப் வாங்குங்கள். நம் களிமண் கோடையில் பாளம் பாளமாய் வெடிக்கும், மழையில் உப்பும். அதனால் அடியிலும் மேலும் மணல் போட்டுப் புதையுங்கள். வேதாரண்யம் பக்கம் உப்புத்தண்ணீர், அங்கே ஜிஐ என்கிற துத்தநாகம் பூசிய இரும்புப் பைப் வாங்கவே வேண்டாம்.

அப்புறம், மாடியில் வெளியே ஓடுகிற பைப்புக்கு வெள்ளை பெயிண்ட் அடித்துவிடுங்கள். தண்ணீர் கலக்கிற பெயிண்டாக இருக்கட்டும், எனாமல் ஆகாது.