அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால்: முதல் டிராஃப்டில் இளம் வீரர்களை எடுப்பது எப்படி?

அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால் என்ற கணினி விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் டிராஃப்ட் நாள் வந்ததும் பொறுப்பைக் கணினியிடமே விட்டுவிடுகிறார்கள். திரை முழுக்கப் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வரிசையாக எண்கள். பார்த்ததும் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த நாளே அதுதான். பதினெட்டு வயதில் நான் எடுத்த பையன் ஆறு சீசன் கழித்து என் அணியின் சட்டையோடு களம் இறங்கும்போது வரும் நிறைவு, பெரிய தொகை கொடுத்து வாங்கிய நட்சத்திர வீரரால் வருவதில்லை.

இது 1999 முதல் வந்துகொண்டிருக்கும் விளையாட்டு. இதில் நீங்கள் மட்டை பிடிப்பதில்லை. அணியின் ஜெனரல் மேனேஜராக உட்கார்ந்து ஆளைத் தேர்ந்தெடுப்பது, பணத்தைப் பார்ப்பது, பையன்களை வளர்ப்பது என்று முடிவுகளை மட்டும் எடுக்கிறீர்கள். பேஸ்பால் விதிகள் ஓரளவு தெரிந்தால் போதும்.

முதலில், டிராஃப்ட் என்றால் என்ன?

ஐபிஎல் ஏலம் பார்த்தவர்களுக்கு ஒரு வித்தியாசத்தைச் சொன்னால் புரிந்துவிடும். அங்கே யாரிடம் பணம் அதிகமோ அவர் கை ஓங்கும். இங்கே வரிசைதான் முக்கியம். போன சீசனில் மோசமாக ஆடிய அணிகள் முன்னால் நிற்கும், நன்றாக ஆடியவை பின்னால் நிற்கும். உங்கள் முறை வரும்போது ஒருவரை எடுத்துவிட்டால் வேறு எந்த அணியும் அவரோடு பேச முடியாது. அமெரிக்காவின் உச்ச லீக்கான மேஜர் லீக் பேஸ்பாலில் இந்த முறை 1965-இல் தொடங்கியது. 2023 டிராஃப்ட் முதல், முதல் ஆறு இடங்களைக் குலுக்கலில் முடிவு செய்கிறார்கள். வேண்டுமென்றே தோற்று முதலிடம் பிடிப்பதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

நிஜத்தில் இப்போது 20 சுற்றுகள். விளையாட்டில் எத்தனை சுற்று என்பதை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். முதல்முறை என்றால் பத்துச் சுற்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயரையும் நிதானமாகப் பார்க்க நேரம் கிடைக்கும்.

பட்டியலில் இரண்டு வகைப் பையன்கள் இருப்பார்கள். ஒரு வகை, ஹைஸ்கூல் முடித்த பதினெட்டு வயதுக்காரர்கள். இன்னொரு வகை, கல்லூரியில் மூன்று வருடம் ஆடிய இருபத்தொரு வயதுக்காரர்கள். டொமினிகன் குடியரசு, வெனிசுலா போன்ற நாடுகளின் பையன்கள் இதில் வரமாட்டார்கள். அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது, அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

படி 1: ஸ்கவுட்டைச் சரிசெய்யுங்கள்

இந்த ஒன்றை மட்டும் மனதில் ஆழமாகப் பதித்துக்கொள்ளுங்கள்: திரையில் தெரியும் எண்கள் அந்தப் பையனின் உண்மையான திறமை அல்ல. அவை உங்கள் ஸ்கவுட்டிங் டைரக்டரின், அதாவது வீரர்களைப் பார்த்து எடைபோடும் உங்கள் தலைமை ஸ்கவுட்டின், கணிப்பு. அவர் திறமையானவர் என்றால் கணிப்பு உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும், இல்லையென்றால் தள்ளிப் போகும்.

அதனால் டிராஃப்டுக்கு முன்பே அவருடைய பக்கத்தைத் திறந்து பாருங்கள். மேஜர், மைனர் (மேஜர் லீக்குக்குக் கீழே வீரர்களை வளர்க்கும் லீக்குகள்), வெளிநாடு, அமெச்சூர் (பள்ளி, கல்லூரி ஆட்டக்காரர்கள்) என்று நான்கு பிரிவுகளில் அவருக்கு மதிப்பீடு இருக்கும். டிராஃப்டுக்கு வேண்டியது அமெச்சூர் மட்டும்தான். அதில் அவர் பலவீனம் என்றால், ஒப்பந்தம் முடிந்ததும் வேறு ஆளைப் பாருங்கள். ஸ்கவுட்டிங் பட்ஜெட்டையும் இதே நான்காகப் பிரிக்கலாம். நான் அமெச்சூருக்குத்தான் பெரிய பங்கு ஒதுக்குவேன். மேஜர் லீக் வீரர்களைப் பற்றி அவர்களுடைய ஆட்டப் புள்ளிவிவரங்களே நிறையச் சொல்லிவிடும். பதினெட்டு வயதுப் பையனுக்கு அப்படி எதுவும் கிடையாது.

டைரக்டரின் ரசனையும் அதே பக்கத்தில் இருக்கும். சிலர் உடல்வாகு, வேகம், கைவலு போன்ற இயற்கைத் திறனுக்கு அதிக மதிப்பு கொடுப்பார்கள். சிலர் இன்று யார் நன்றாக ஆடுகிறார் என்பதைப் பார்ப்பார்கள். ஆரம்பத்தில் இரண்டுக்கும் நடுவில் இருப்பவரே நல்லது.

அப்புறம், விளையாட்டுக்குள் ஓஎஸ்ஏ என்று ஒரு பொதுக் கணிப்பும் உண்டு. அது எல்லா அணிகளுக்கும் ஒன்றேதான். உங்கள் ஸ்கவுட்டும் ஓஎஸ்ஏவும் ஒரே மாதிரி சொன்னால் தைரியமாக எடுக்கலாம். இரண்டும் ரொம்பவே முரண்பட்டால் அந்தப் பையனை மறுபடியும் பார்க்கச் சொல்லி ஸ்கவுட்டை அனுப்புங்கள்.

படி 2: 20 முதல் 80 வரை

பேஸ்பால் ஸ்கவுட்டுகள் நிஜத்திலும் இந்த அளவுகோலைத்தான் பயன்படுத்துகிறார்கள். 50 என்றால் மேஜர் லீக்கின் சராசரி. 60 நல்ல திறன், 70 அபாரம், 80 அபூர்வம். 40 என்றால் சராசரிக்குக் கீழே. ஒவ்வொரு திறனுக்கும் இரண்டு எண்கள் தெரியும்: இன்றைய நிலை ஒன்று, வளர்ந்தால் எட்டக்கூடிய நிலை இன்னொன்று. இதைத் தமிழில் சொல்லும்போது நான் 'இன்று', 'நாளை' என்றுதான் சொல்வேன்.

மட்டையாளருக்கு கான்டாக்ட் (பந்தை மட்டையில் படவைப்பது), கேப் (ஃபீல்டர்களின் இடைவெளியில் அடிப்பது), பவர் (ஹோம் ரன் அடிக்கும் வலு), ஐ, ஸ்ட்ரைக் அவுட் தவிர்ப்பு (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆகாமல் இருப்பது) என்று ஐந்து. 'ஐ' என்பது நல்ல பந்து எது, விட வேண்டிய பந்து எது என்று பிரித்தறியும் கண். புதியவர்கள் பவரைப் பார்த்து மயங்குவார்கள். நீங்கள் கண்ணையும் சேர்த்துப் பாருங்கள். அடிக்காமலேயே முதல் பேஸுக்குப் போகத் தெரிந்தவன் ஃபார்ம் இழந்த மாதத்திலும் அணிக்குப் பயன்படுவான்.

பந்து வீசும் பிட்சருக்கு மூன்றே மூன்று: ஸ்டஃப், மூவ்மெண்ட், கண்ட்ரோல். ஸ்டஃப் ஸ்ட்ரைக் அவுட்டைத் தரும். மூவ்மெண்ட் ஹோம் ரன்னைத் தடுக்கும். கண்ட்ரோல் இருந்தால் இலவசமாக யாரையும் பேஸுக்கு அனுப்பமாட்டார். ஏன் இந்த மூன்று? வோரஸ் மெக்ராக்கன் என்பவர் 2001-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். மைதானத்துக்குள் அடிபட்ட பந்து ஹிட் ஆகுமா, அவுட் ஆகுமா என்பதில் பிட்சரின் பங்கு நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு என்றார். அதன்படி, பிட்சரின் கையில் உறுதியாக இருப்பவை ஸ்ட்ரைக் அவுட், வாக் (அந்த இலவச பேஸ்), ஹோம் ரன் ஆகியவைதான். இந்த மூன்று எண்களும் அவற்றோடு நேராகப் பொருந்துகின்றன.

படி 3: நட்சத்திரத்தை மூடிவிட்டுப் பையனைப் பாருங்கள்

பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கும். அத்தனை எண்களையும் ஒரே குறிக்குள் அடக்கிவிடுவதால், அந்தப் பையன் எந்த வழியில் தோற்கக்கூடும் என்பது அதில் தெரியாது. டிராஃப்டில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியதே அதுதான்.

என் ஆட்டத்தில் வந்த இரண்டு பையன்களை அப்படியே காட்டுகிறேன். எனக்கு ஐந்தாவது தேர்வு.

முதல் பையன் ஹைஸ்கூல் வலக்கை பிட்சர், வயது 18, நாலரை நட்சத்திரம். ஸ்டஃப் இன்று 35, நாளை 75. மூவ்மெண்ட் 30, நாளை 50. கண்ட்ரோல் 20, நாளை 40. ஃபாஸ்ட்பால், ஸ்லைடர் என்ற இரண்டு பந்து வகைகளும் பிரமாதம். மூன்றாவதாக ஒரு சேஞ்சப், அது நாளைக்கும் 30-தான். காயம் அடையும் தன்மை: எளிதில் அடிபடுவார்.

இரண்டாவது பையன் கல்லூரி ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்), வயது 21, மூன்று நட்சத்திரம். கான்டாக்ட் 40, நாளை 50. கேப் 45, நாளை 55. பவர் 30, நாளை 40. ஐ 50, நாளை 60. இன்ஃபீல்ட் ரேஞ்ச் 65, கைவலு 60. உழைப்பு: அதிகம்.

பிட்சரை நிதானமாகப் பாருங்கள். கண்ட்ரோல் 20-இலிருந்து 40-க்கு ஏற வேண்டும். எல்லாம் கைகூடி ஏறினாலும் அது சராசரிக்குக் கீழேதான். உருப்படியான பந்து வகை இரண்டே. ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டராக ஆறு இன்னிங்ஸ் வீச மூன்று வகையாவது வேண்டும், இல்லாவிட்டால் ஒரு இன்னிங்ஸ் வீசும் ரிலீவராகத்தான் முடிவார். போதாததற்கு உடம்பும் பலவீனம். அந்த நாலரை நட்சத்திரத்துக்குப் பின்னால் மூன்று 'ஒருவேளை' ஒளிந்திருக்கிறது.

ஷார்ட்ஸ்டாப்பிடம் மின்னும் எண் எதுவும் இல்லை. ஆனால் அவருடைய ஃபீல்டிங் இன்றைக்கே தயார். கண் இன்றைக்கே சராசரி. மட்டை எதிர்பார்த்தபடி வளராவிட்டாலும் பெஞ்சில் ஒரு இடம் நிச்சயம். நான் அவரைத்தான் எடுத்தேன்.

நிஜத்திலும் அணிகள் இந்தப் பயத்தோடுதான் இருக்கின்றன. 1965 முதல் 2025 வரை ஒரு ஹைஸ்கூல் வலக்கை பிட்சர்கூட முதல் தேர்வாக எடுக்கப்பட்டதில்லை. இடக்கைக்காரர்கள் உண்டு. 1991-இல் நியூயார்க் யாங்கீஸ் முதலாவதாக எடுத்த ப்ரையன் டெய்லர் அவர்களில் ஒருவர். ஒரு கைகலப்பில் அவருடைய தோள் போனது, மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாமலேயே ஒதுங்கினார்.

இதற்காகப் பிட்சரே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று பந்து வகை, நாளைய கண்ட்ரோல் 50-க்கு மேல், திடமான உடம்பு என்று ஒரு கல்லூரி பிட்சர் கிடைத்தால் நான் தயங்கவே மாட்டேன்.

படி 4: நடுக்கோட்டுக்காரர்களுக்கு முன்னுரிமை

கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்), ஷார்ட்ஸ்டாப், சென்டர் ஃபீல்டர். இந்த மூன்று இடங்களில் நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் குறைவு. ஷார்ட்ஸ்டாப்பை இரண்டாம் பேஸுக்கோ மூன்றாம் பேஸுக்கோ மாற்றலாம். சென்டர் ஃபீல்டரை இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்த்தலாம். முதல் பேஸ் ஆடும் பையனை எங்கே நகர்த்துவீர்கள்? அவர் அடித்தே ஆக வேண்டும், அடிக்காவிட்டால் வேறு வழியில்லை. அதனால் முதல் பேஸ்காரரை முதல் சுற்றில் எடுக்க வேண்டுமென்றால், அவருடைய நாளைய பவரும் கண்ணும் 65-ஐத் தாண்டியிருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

படி 5: கேட்கும் பணம்

ஒவ்வொரு பையனுக்கும் எதிரே அவர் எதிர்பார்க்கும் போனஸ் இருக்கும். 'ஸ்லாட்' என்றிருந்தால் அந்த இடத்துக்கு நிர்ணயித்த தொகை போதும் என்று அர்த்தம். ஹைஸ்கூல் பையன்கள் அதிகம் கேட்பார்கள். ஒத்துவராவிட்டால் கல்லூரிக்குப் போய்விடலாம் என்ற பலம் அவர்களிடம் இருக்கிறது. 'இம்பாஸிபிள்' என்றிருந்தால் முன் சுற்றுகளில் தொடவே வேண்டாம்.

முதல் சுற்றில் எடுத்தவர் கையெழுத்துப் போடாமல் போனாலும் இடிந்துபோக வேண்டியதில்லை. 2014-இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் முதலாவதாக எடுத்த ப்ரேடி ஏக்கனின் முழங்கை பற்றிச் சந்தேகம் எழுந்து பேச்சு முறிந்தது. ஈடாக 2015-இல் அவர்களுக்கு இரண்டாவது தேர்வு கிடைத்தது. அதில் வந்தவர்தான் அலெக்ஸ் ப்ரெக்மன்.

படி 6: டிராஃப்ட் நாள்

முந்தின நாளே முப்பது பேரை உங்கள் பட்டியலில் சேர்த்து வரிசைப்படுத்துங்கள். முதல் மூன்று சுற்றுகளில் 'என் அணிக்கு மூன்றாம் பேஸ் ஆள் இல்லையே' என்று யோசிக்காதீர்கள். இன்று எடுக்கும் பையன் மேலே வர நாலைந்து வருடம் ஆகும், அதற்குள் அணியே மாறியிருக்கும். பட்டியலில் மேலே இருப்பவரை எடுங்கள்.

ஐந்தாவது சுற்றுக்கு மேல் முழுமையான பையன் கிடைக்கமாட்டார். ஒரே ஒரு திறன் 60-ஐத் தாண்டுகிறதா, உழைப்பு அதிகமா, புத்திசாலியா என்று மட்டும் பாருங்கள். மைக் பியாஸாவை 1988-இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 62-ஆவது சுற்றில்தான் எடுத்தார்கள். அதுவும் மேனேஜர் டாமி லசோர்டா அவருடைய அப்பாவின் நண்பர் என்பதற்காக. 427 ஹோம் ரன்கள் அடித்து, 2016-இல் பேஸ்பால் சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்குள் நுழைந்தார் அந்த கேட்சர்.

படி 7: அவசரப்படுத்தாதீர்கள்

எடுத்தாகிவிட்டது, கையெழுத்தும் ஆகிவிட்டது. இனி எந்த மட்டத்தில் ஆட வைப்பது? கீழிருந்து மேலாக ரூக்கி, ஏ, ஹை ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏ என்று படிகள். ஹைஸ்கூல் பையனை ரூக்கியில் விடுங்கள். கல்லூரிக்காரரை ஏ அல்லது ஹை ஏவில் தொடங்கலாம். அங்கே லீக் சராசரியை அரை சீசனாவது தெளிவாகத் தாண்டினால் ஒரு படி ஏற்றுங்கள். திணறினால் அங்கேயே இருக்கட்டும்.

டேவிட் க்ளைட் என்ற இடக்கை பிட்சரை 1973-இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் முதலாவதாக எடுத்தது. ஹைஸ்கூல் முடித்த அதே ஜூன் மாதத்தில், பதினெட்டு வயதில், மைனர் லீக் பக்கமே அனுப்பாமல் நேராக மேஜர் லீக்கில் பிட்சர் நின்று வீசும் மேட்டில் நிறுத்திவிட்டார்கள். கூட்டம் குவிந்தது, முதல் ஆட்டத்தை ஜெயிக்கவும் செய்தார். ஆனால் 18 வெற்றி, 33 தோல்வியோடு அவருடைய மேஜர் லீக் வாழ்க்கை 1979-இலேயே முடிந்தது. அந்தப் பையனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். என் ஆட்டத்தில் எந்தப் பதினெட்டு வயதுப் பிட்சரையும் நான் ரூக்கிக்கு மேலே அனுப்புவதில்லை.

கடைசியாக ஒரு வேலை. டிராஃப்ட் முடிந்ததும் ஒரு நோட்டில் உங்கள் முதல் ஐந்து பேரின் பெயரையும், நீங்கள் விட்டுவிட்ட ஐந்து பேரின் பெயரையும், ஏன் எடுத்தீர்கள், ஏன் விட்டீர்கள் என்பதையும் ஒரு வரியில் எழுதி வையுங்கள். சீசன் முடியும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார் என்று எதிரே குறித்துக்கொள்ளுங்கள். என் நோட்டில் அந்த வலக்கை பிட்சருக்கு எதிரே 'இருபது வயதில் முழங்கை அறுவை சிகிச்சை, இப்போது டபுள் ஏவில் ரிலீவர்' என்று இருக்கிறது. ஷார்ட்ஸ்டாப்புக்கு எதிரே, நாலாவது சீசன் வரியில், 'மேஜர் லீக், எட்டாவதாக மட்டை பிடிக்கிறார், தினமும் ஆடுகிறார்'.